அமைதிப்படையில் இருந்த பெரியப்பா இரவில் அலறுகிறார், எங்கே காட்டலாம்?

வைகைக்கரை:
பெரியப்பா 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். ரிட்டயர் ஆகி பேங்க் செக்யூரிட்டி வேலை பார்த்தார். அதையும் விட்டபிறகு ராத்திரியில் அலறி எழுவது அதிகமாகிவிட்டது. உலுக்கி எழுப்பிய பெரியம்மாவின் கழுத்தைப் பிடித்துவிட்டார். தினமும் மிலிட்டரி கேன்டீன் ரம். "பைத்தியக்கார டாக்டர்கிட்ட வரமாட்டேன்" என்கிறார். எப்படிக் கூட்டிப்போவது?

பழைய நர்சிங் அசிஸ்டன்ட்:
முதல்ல பெரியம்மா. அலறும்போது தொடவே கூடாது. கால்மாட்டுப் பக்கம் எட்டி நின்னு லைட்டைப் போட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நம்ம வீட்லதான் இருக்கீங்க"ன்னு சொல்லணும். முழிச்சதும் தண்ணி குடுங்க. என்ன கனவுன்னு அப்போ கேட்காதீங்க. செக்யூரிட்டி வேலைக்கு எடுத்த லைசென்ஸ் துப்பாக்கி வீட்ல இருந்தா ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணிடுங்க. இதைத் தள்ளிப்போடாதீங்க.

மருந்துச்சீட்டு:
ரம்மை ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். மாலை போட்டால் விட்டுவிடுவார் என்று வீட்டில் நினைப்பார்கள். பல வருடம் தினமும் குடித்த உடம்பில் சட்டென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் நடுக்கம், காய்ச்சல், இல்லாத ஆள் கண்ணில் தெரிவது. டாக்டர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். தூக்கத்துக்கென்று மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கித் தராதீர்கள். ரம்மோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும், கெட்ட கனவும் தீராது.

இது பெரும்பாலும் பி.டி.எஸ்.டி. (போர், விபத்து போன்ற பயங்கரத்துக்குப் பிறகு வரும் மனநோய்) போலத்தான் தெரிகிறது, உறுதி செய்ய வேண்டியது மனநல டாக்டர். வழக்கமாக செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை 25 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரத்தில் 50 ஆக்குவார்கள். பலன் தெரிய 4-6 வாரம் ஆகும். பத்தாவது நாளே "கேக்கல" என்று நிறுத்துவதால்தான் பாதிப் பேருக்குக் கெட்டுப்போகிறது. கனவுக்கு பிரசோசின் எழுதினால், அது பி.பி. மருந்து: முதல் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் தலைசுற்றி விழலாம். ஏற்கெனவே பி.பி., புராஸ்டேட் மாத்திரை சாப்பிட்டால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 2018-ல் வந்த பெரிய ஆய்வில் பிரசோசினுக்குப் பலன் தெரியவில்லை. சிலருக்குக் கேட்கிறது என்பதால் இன்னும் எழுதுகிறார்கள்.

பாலிகிளினிக் வரிசை:
ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) கார்டை எடுத்துக்கிட்டு அவங்க பாலிகிளினிக் போங்க. "தூக்கம் வரல, பி.பி. பாக்கணும்"னு சொன்னா வந்துடுவாரு, பொய்யும் இல்ல. மெடிக்கல் ஆபீசர்கிட்ட கழுத்தைப் பிடிச்சதைத் தனியா சொல்லி, மனநலப் பிரிவுக்கு ரெஃபரல் வாங்குங்க. அதுவரை 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல ஹெல்ப்லைன். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

"மறந்துடுங்க"ன்னு சொல்ற கவுன்சிலிங்கால பிரயோஜனம் இல்ல. நடந்ததை முறையா பேச வைக்கிற தெரபி வேணும். வாரம் ஒரு தடவை, 90 நிமிஷம், 8-லேர்ந்து 15 தடவை வரைக்கும் போகும்.

வைகைக்கரை:
கார்டு இருக்கிறது, நன்றி. தீபாவளிக்கு என்ன செய்ய?

பழைய நர்சிங் அசிஸ்டன்ட்:
வெடி போட அரசு குடுத்த நேரம் காலை 6-7, ராத்திரி 7-8. யார் கேக்குறா! சத்தத்தை விட, எதிர்பார்க்காம வர்றதுதான் ஆளைத் தூக்கிப்போடும். தெருப் பசங்ககிட்ட சரம் வைக்கும் முன்னாடி குரல் குடுக்கச் சொல்லுங்க. சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டின கொள்ளுக்குடிப்பட்டியில பறவைகளுக்காக வெடியே போடுறதில்ல. அந்தப் பக்கம் சொந்தம் இருந்தா இந்த வருஷம் ரெண்டு நாள் அங்க. அடுத்த வருஷம் எவ்வளவு தாங்குவாருன்னு தெரபிஸ்ட்டைக் கேட்டுக்கலாம்.