ஐஸ் ஹாக்கி ஆடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகன் ரோலர் ஹாக்கி நன்றாக ஆடுவான், இளையோர் தேசிய ஐஸ் ஹாக்கிப் போட்டிக்கான அணித் தேர்வுக்குப் போக வேண்டும் என்று துடிக்கிறான், ஆனால் இந்தப் பாலக்காட்டு வெயிலில் ஐஸுக்கு எங்கே போவது? சக்கர ஸ்கேட்டில் ஓடிவந்து நிற்கிற விதம் வேறு. ஐஸில் பிளேடைக் குறுக்கே திருப்பி, பனியைச் சீவிக்கொண்டே நிற்க வேண்டும், அதைச் சிமெண்ட் தரையில் பழகவே முடியாது.

டேராடூன் உள்ளரங்க ஐஸ் தளத்தில் பழகியவர்கள் இருந்தால் கட்டணம், தங்குமிடம் பற்றிச் சொல்லுங்கள். பழைய ஹாக்கி ஸ்கேட் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறோம், ஷூ அளவு 7 (பிளேடு முனையில் பல் வைத்தது வேண்டாம், அது ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு).

அப்புறம், லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். ஆட்டம் அங்கே என்றால், மூச்சு வாங்காமல் ஆட எத்தனை நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்?