பில்லிங் மூடின பிறகு ஓட வேண்டிய பேக்கப் முன்னாடியே ஓடுது – அவசரம்

வண்ணை21:
எம்.சி. ரோட்டுல துணிக்கடை. ராத்திரி பில்லிங் சாப்ட்வேரை மூடினதும் டேட்டா போல்டர் பென்டிரைவுக்கு காப்பி ஆகி, சிஸ்டம் ஷட்டவுன் ஆகணும். பேட்ச் பைல் (கமாண்டுகளை வரிசையா ஓட்டற பைல்) போட்டேன், சாப்ட்வேரைத் திறக்கறதும் அதுதான். ஆனா சாப்ட்வேர் திறந்ததுமே காப்பி ஓடி, பில் போட்டுட்டிருக்கும்போதே ஷட்டவுன் ஆகுது. இன்னிக்கு ரெண்டு தடவை, கஸ்டமர் முன்னாடி. சீக்கிரம் சொல்லுங்க.

ராயபுரம்13:
விண்டோஸ் 10ஆ 11ஆ? ஹோமா ப்ரோவா? பேட்ச்ல எழுதினதை அப்படியே போடுங்க.

பெரம்பூர்11:
ஸ்டார்ட் கமாண்டோட ஸ்லாஷ் வெயிட் சேர்க்கலை, அதான். அது இல்லைன்னா புரோகிராமைத் தொடங்கிட்டு உடனே அடுத்த வரிக்குப் போயிடும். இன்னொண்ணு, பைல் பாதையை மேற்கோள்ல போட்டா அதுக்கு முன்னாடி வெறும் மேற்கோள் ஒரு ஜோடி வைக்கணும். இல்லைன்னா பாதையையே ஜன்னலோட தலைப்புன்னு எடுத்துக்கும்.

வண்ணை21:
வெயிட் போட்டிருக்கேன்ணா. 11 ஹோம்.

சிஸ்டம்வாத்தியார்:
தம்பி, இதுக்கெல்லாம் பேட்ச் பைல் எழுதக் கூடாது. டாஸ்க் ஷெட்யூலர்ல (விண்டோஸ்ல வேலையைத் தானா ஓட்டற வசதி) ஈவென்ட் 4689 (ஒரு புரோகிராம் மூடினதுக்கான பதிவு) வச்சா, புரோகிராம் மூடினதும் வேலை தானா நடக்கும். திறக்கறதுக்கு 4688. பல தடவை எழுதியாச்சு. தேடிப் படிச்சுட்டு வந்து கேளுங்க.

ராயபுரம்13:
சார், அந்த ரெண்டும் சும்மா பதிவாகாது, ஆடிட் (இதைப் பதிவு பண்ற செட்டிங்) ஆன் பண்ணணும். அதை மாத்தற குரூப் பாலிசி எடிட்டர் ஹோம்ல கிடையாது, ஆடிட்பால் கமாண்டை அட்மினா ஓட்டணும். அதுக்கு மேல டாஸ்க்கோட எக்ஸ்எம்எல்ல (நிபந்தனை எழுதற இடம்) புரோகிராம் பேரைச் சொல்லி வடிகட்டலைன்னா நோட்பேடை மூடினாலும் ஷட்டவுன்தான். வியாபாரம் நடக்கிற நேரத்துல அவரை இதுக்குள்ள இழுத்து விடாதீங்க.

சிஸ்டம்வாத்தியார்:
முறையாக் கத்துக்கிட்டா ஒரு தடவை செஞ்சா போதும். ஒட்டு வேலை பண்ணினா மறுபடி இங்கதான் வந்து நிப்பாரு.

ஒற்றியூர்19:
வண்ணை, முதல்ல சின்ன லாகின் ஜன்னல் வந்து, பாஸ்வேர்ட் போட்டதும் அது போய் பெரிய ஜன்னல் வருதா? அப்படின்னா நீங்க தொடங்கறது ஒரு எக்ஸ்ஈ (புரோகிராம் பைல்), உண்மையில ஓடறது வேற எக்ஸ்ஈ. ஸ்லாஷ் வெயிட் நீங்க தொடங்கின எக்ஸ்ஈக்கு மட்டும்தான் காத்திருக்கும். டாஸ்க் மேனேஜர்ல டீடெயில்ஸ் பக்கத்துல ரெண்டாவது பேரைப் பாருங்க. தொடங்கின பிறகு அது வர்றதுக்கு ஒரு நிமிஷம் டைம்அவுட் விட்டு, டாஸ்க்லிஸ்ட்ல (ஓடற புரோகிராம்களைக் காட்டற கமாண்டு) அந்தப் பேர் இருக்கான்னு 5 செகண்டுக்கு ஒரு தடவை பார்க்கிற லூப் எழுதுங்க. பேர் மறைஞ்ச பிறகு காப்பி. டாஸ்க்லிஸ்ட் சாதாரணமா 25 எழுத்தோட பேரை வெட்டிடும், நீளமான பேர்னா சிஎஸ்வி பார்மட்ல எடுங்க.

பெரம்பூர்11:
காப்பிக்கு விண்டோஸோட ரோபோகாப்பி கமாண்டு, மூலத்தை அப்படியே பிரதி எடுக்க ஸ்லாஷ் மிர்.

ராயபுரம்13:
மிர் வேணாம்! மூலத்துல அழிஞ்ச பைலை பேக்கப்லயும் அழிச்சிடும். போல்டர் காலியாப் போன அன்னிக்கு பென்டிரைவும் காலி. கிழமைக்கு ஒரு போல்டர்னு ஏழு வைங்க. பென்டிரைவையும் சொருகியே வைக்காதீங்க, ரான்சம்வேர் (பைலைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ்) வந்தா அதையும் பூட்டிடும்.

பெரம்பூர்11:
தினம் கழட்டி மாட்டு, ஒரு வாரத்துல மறந்துடுவாங்க. ஆட்டோமேட் பண்றதே அதுக்குத்தானே? கிளவுடுக்கு அனுப்புங்க.

ராயபுரம்13:
கடை நெட்டை நம்பி மட்டுமா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ எங்க தெருவுல கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போன ஹார்ட் டிஸ்க்தான் எங்க கணக்கைக் காப்பாத்துச்சு.

பெரம்பூர்11:
அந்த ஹார்ட் டிஸ்க் தண்ணில போயிருந்தா? ரெண்டுமே வேணும்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

வண்ணை21:
ஒற்றியூர் அண்ணா சொன்னதுதான், ரெண்டு எக்ஸ்ஈ இருந்துச்சு. லூப் போட்டேன், இப்ப நடுவுல ஆப் ஆகலை. கடையில கூட்டம், அப்புறம் வரேன். நன்றி.

ஒற்றியூர்19:
நல்லது. காப்பி ஆன பைலோட தேதியும் சைஸும் பாத்தீங்களா? டேட்டா எஸ்க்யூஎல் சர்வர்ல (டேட்டாபேஸ் சாப்ட்வேர்) இருந்தா, அது சர்வீஸா பின்னணியில தனியா ஓடும். பில்லிங் மூடினாலும் பைல் பூட்டியேதான் இருக்கும். ரோபோகாப்பி வேற, ஒண்ணும் சொல்லாம விட்டா 30 செகண்டுக்கு ஒரு தடவைன்னு 10 லட்சம் தடவை முயற்சி பண்ணும், ஷட்டவுன் வரிக்கே வராது. ஸ்லாஷ் ஆர் (எத்தனை தடவை) 3, ஸ்லாஷ் டபிள்யூ (எத்தனை செகண்டு இடைவெளி) 5ன்னு குறைச்சு வைங்க. டேட்டா எதுல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.

ராயபுரம்13:
வண்ணை, ராத்திரி கடை மூடின பிறகாவது பாத்துச் சொல்லுங்க.