புதுப்பிப்பு: போஸ்ட்கிரெஸ் சோதனை சர்வர் இப்போது இணைகிறது

உதவிய எல்லோருக்கும் நன்றி. என் கேள்வி: மடிக்கணினியில் நிறுவிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வருடன், அதே கணினியின் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) ஓடும் செயலி இணைய முயன்றால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' (இணைப்பு மறுக்கப்பட்டது) என்ற பிழை வந்தது.

சர்வர் எந்த முகவரிகளில் இணைப்புகளை ஏற்கும் என்று சொல்லும் லிசன்_அட்ரஸஸ் அமைப்பைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. இயல்பாக அதில் லோக்கல்ஹோஸ்ட் (அதாவது அதே கணினி) மட்டுமே இருக்கும். விர்ச்சுவல் மெஷின் அணுகும் மடிக்கணினியின் ஐபி முகவரியையும் சேர்த்தேன். இதற்கு ரீலோட் (அமைப்புகளை மட்டும் மறுபடி படிக்க வைப்பது) போதாது, சர்வரை ரீஸ்டார்ட் செய்தே ஆகவேண்டும்.

எதிர்பாராத ஒன்று: அப்புறம் வேறொரு பிழை வந்தது, யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் கோப்பில் இந்த ஹோஸ்டுக்கு வரி இல்லை என்று. உண்மையில் அது நல்ல சேதி. செயலி போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டைத் தாண்டி சர்வரிடமே பேசிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோப்பில் விர்ச்சுவல் மெஷினின் முகவரிக்கு மட்டும் /32 (அந்த ஒரே முகவரி என்று பொருள்) போட்டு, ஸ்க்ராம்-ஷா-256 என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையுடன் ஒரு வரி சேர்த்தேன். இதற்கு ரீலோடே போதும். ஃபயர்வாலைத் தொடத் தேவைப்படவில்லை.