புதுப்பிப்பு: தம்பியின் புயல் பெட்டி

கடல் சூடானால் புயல் வலுக்குமா என்று தம்பி வீட்டிலேயே சோதிப்பதைப் போன பதிவில் சொல்லியிருந்தேன். பக்கவாட்டில் நெடுக இடுக்கு விட்ட பிளாஸ்டிக் பெட்டி, அடியில் தண்ணீர்க் கிண்ணம், தேக்கா கடைத்தெருவில் வாங்கிய ஊதுவத்தி. வெதுவெதுப்பான நீரில் புகை சும்மா அலைந்தது. அப்பா கொதிநீர் ஊற்றியதும் கயிறு முறுக்கினாற்போல் சுழன்று ஏறியது! அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவி தாங்கும். அது மேலே குளிர்ந்து நீராகும்போது வெளிவரும் வெப்பம்தான் நிஜப் புயலுக்குத் தீனி.

"சிங்கப்பூர்ப் பக்கம் புயலே வராதே" என்று கேட்டவர்களுக்கு: புயலைச் சுழலவைப்பது பூமிச் சுழற்சியின் விளைவு; நிலநடுக்கோட்டருகே அது மிகக் குறைவு, அதனால் அபூர்வம். ஆனாலும் 2001 டிசம்பரில் வாமெய் சூறாவளி நமக்கு வெகு அருகே மலேசியாவின் ஜோகூரில் கரையேறியது. பெட்டியில் சுழற்சியைக் கொடுப்பது இடுக்குகள்தான். அதையும் அறிக்கையில் எழுதுகிறான். அடுத்து வெப்பமானி வைத்து அளக்கப்போகிறான்.