சிக்னல் டெக்னீசியன் வேலையைக் கீழ் கிரேடுக்கு இறக்குவது சரியா?

ரிலேரூம்_டர்பன்:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ரயில் சிக்னல் பராமரிப்பில் இருக்கிறேன். ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வைப் பாஸ் செய்து ரெட் சீல் சான்றிதழ் வாங்கியவர்கள் பார்த்துவந்த எங்கள் வேலையை, வேலைகளைத் தரம் பிரிக்கும் பேட்டர்சன் கிரேடிங்கில் தேர்ந்த தொழிலாளருக்கான சி பேண்டிலிருந்து ஓரளவு பயிற்சி போதும் என்ற பி பேண்டுக்கு இறக்கி 'பராமரிப்பு உதவியாளர்' என்று ஆக்கப் போகிறார்கள். இருப்பவர்களுக்குச் சம்பளம் குறையாது. ஓய்வு பெறுகிறவர்கள் இடத்துக்கு வருகிறவர்கள் புது கிரேடில் வருவார்கள். யூனியன் எதிர்க்கிறது, நானும்தான்.

நிர்வாகம் சொல்லும் காரணம், புதுக் கருவி எங்கே பழுது என்று திரையிலேயே காட்டிவிடுகிறது, ஆள் போய் அந்த மின்னணு கார்டை மாற்றினால் போதும் என்பது. திரையில் வராத பழுது ஒன்றைச் சொல்கிறேன். ரயில் எங்கே நிற்கிறது என்பதைத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன மின்சாரம்தான் காட்டிக்கொடுக்கிறது. ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைக்கும், ரிலே என்ற மின்சுவிட்ச் விழும், பின்னால் சிக்னல் சிவப்பாகும். பல மாதம் ரயில் ஓடாத பாதையில் தண்டவாளத்தின் மேல் துரு ஏறியிருக்கும், எங்கள் கடல் காற்றில் கேட்கவே வேண்டாம். அந்தத் துருவின் மேல் ரயில் நின்றாலும் ரிலே விழாமல் போகலாம். அப்போது திரை 'பாதை காலி' என்று காட்டும். கருவியைப் பொறுத்தவரை அங்கே பழுதே இல்லை. குனிந்து பார்த்து, இரண்டு தண்டவாளத்தையும் இணைக்கும் ஷண்ட் கம்பி வைத்துச் சோதித்து, 'இந்தப் பாதையைத் திறக்க விடமாட்டேன்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். மேலே இருப்பவர் போனில் அவசரப்படுத்தும்போதும் சொல்ல வேண்டும். உதவியாளர் என்று வேலைக்கு எடுத்த பையன் எப்படிச் சொல்வான்?

கிரேடிங்_ஜோபர்க்:
அண்ணே, நான் பல வருஷம் கிரேடிங் வேலை பார்த்தவன். பேட்டர்சன் அளப்பது ஒருவர் எடுக்கும் முடிவுகளை, வேலையில் இருக்கும் ஆபத்தை அல்ல. பெரிய லாரி ஓட்டுகிறவர் கையிலும் உயிர்கள் இருக்கின்றன, அவரைப் பெரும்பாலும் பி பேண்டில்தான் வைக்கிறார்கள்.

நாட்டில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் வேலையில்லாமல் இருக்கிறார்கள். டிவெட் என்ற தொழிற்கல்வி காலேஜில் படித்துவிட்டு, ஆர்ட்டிசன் (தேர்ந்த தொழிலாளி) பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பி பேண்ட் வேலை அவர்களுக்கு ஒரு வாசல். அதை யூனியன் அடைக்கிறது. 2020 ஊரடங்கில் கேபிளையும் மேல்கம்பியையும் வெட்டிக்கொண்டு போனார்களே, இப்படி மிச்சம் பிடிக்காமல் அதைத் திரும்பப் போடும் பணத்தை எங்கிருந்து எடுப்பது?

ரிலேரூம்_டர்பன்:
பிள்ளைகள் உள்ளே வரட்டும் தம்பி, பயிற்சியாளராக வரட்டும். நான் எதிர்ப்பது, சோதித்துக் கையெழுத்துப் போடும் ஆளே இல்லாமல் போவதை.

கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நம் எல்லாருக்கும் தெரிந்த வண்டி. 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வரும் வழியில், பாலசோர் பக்கம் பாஹாநகா பஜாரில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் போய்விட்டார்கள். முன்பு சிக்னல் சர்க்யூட்டை மாற்றியபோது நடந்த தவறும், ரயில்வே கேட் வேலையின்போது நடந்த தவறும்தான் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சொன்னார். பச்சை சிக்னல் பார்த்துத்தான் ஓட்டுநர் போனார்.

கிரேடிங்_ஜோபர்க்:
அந்த வயரில் கை வைத்தவர்கள் உதவியாளர்களா? லண்டனில் 1988 டிசம்பர் 12 கிளாப்பம் ஜங்ஷன் விபத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், 35 பேர் இறந்தார்கள். கழற்றிய பழைய வயரை வெட்டாமல் விட்டவர் அனுபவமுள்ள டெக்னீசியன். கிரேடு யாரையும் காப்பாற்றவில்லை.

சாட்ஸ்வொர்த்_பேத்தி:
எங்கள் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். நான் இப்போது மினிபஸ் டாக்சியில்தான் வேலைக்குப் போகிறேன், மாதச் சம்பளத்தில் நிறைய அதற்கே போகிறது. எனக்கு ரயில் வேண்டும் அண்ணா. அதற்காக ஜோபர்க் பக்கம் ஜெர்மிஸ்டனில் 2018 ஜனவரியில் ரயில்கள் மோதியது மாதிரி நடக்கக்கூடாது. 200 பேருக்கு மேல் அடிபட்டார்கள்.

ரிலேரூம்_டர்பன்:
தங்கச்சி சொன்ன விபத்தும், அடுத்த ஜனவரியில் பிரிட்டோரியா மவுண்டன் வியூவில் நடந்ததும் ஒரே மாதிரி. சிக்னல் வேலை செய்யாததால், வாய்மொழியாக அனுமதி கொடுத்து ரயிலை விட்டுக்கொண்டிருந்த நேரம். சிக்னல் செத்தால் பாரம் முழுக்க மனித வாயில் விழுகிறது. அதனால்தான் அதைச் சரியாக வைத்திருப்பவரைச் சாதாரண ஆளாக நினைக்காதீர்கள் என்கிறேன்.

கிளாப்பம் பற்றித் தம்பி சொன்னது உண்மை. ஆனால் முழுதும் பாருங்கள். அந்த டெக்னீசியன் 13 வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு எடுத்தவர். அவர் வேலையை வேறொருவர் வயர் எண்ணிச் சரிபார்த்திருக்க வேண்டும், யாரும் எண்ணவில்லை. பழைய வயர் பெட்டிக்குள் தொங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பக்கத்தில் வேறு வேலை பார்த்தபோது அசைந்து பழைய இடத்தைத் தொட்டது, மறுநாள் காலையில் சிவப்பாக வேண்டிய சிக்னல் சிவப்பாகவில்லை. திறமையான ஆளுக்கே இரண்டாவது திறமையான கண் தேவைப்பட்டது. இங்கே முதல் கண்ணையே எடுக்கிறார்கள்.

கிரேடிங்_ஜோபர்க்:
அப்படியானால் கையெழுத்து அதிகாரத்தைத் தனிச் சான்றிதழாகக் கொடுங்கள், கிரேடோடு கட்டாதீர்கள். இன்னொன்று, தொழிலாளர் உறவுச் சட்டம் 64(4) பிரிவை யூனியன் நம்பியிருந்தால் கவனம். ஒருதலைப்பட்சமாக நிபந்தனை மாற்றினால் பழைய நிலையைத் திரும்பக் கேட்கலாம் என்பது இப்போது இருக்கும் ஊழியர்களுக்கு. நாளை வருகிறவர்களை அது காக்காது.

ரிலேரூம்_டர்பன்:
64(4) பற்றிச் சொன்னது சரி, அதனால்தான் இந்தப் பதவிக்கு என்னென்ன பொறுப்பு என்று எழுதும் வேலை விவரத்திலேயே போராடுகிறோம். சான்றிதழ் யோசனைக்கு வருகிறேன். பாதையை மறுக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தால் அது ஒரு முடிவுதானே? உங்கள் பேட்டர்சன் கணக்குப்படி எந்த பேண்ட்?

கிரேடிங்_ஜோபர்க்:
அந்த வரி விவரத்தில் இருந்தால் சி பேண்ட்தான், மறுக்க மாட்டேன். ஆனால் புதர் வெட்டுவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் பி வேலை. இரண்டு பதவியாகப் பிரியுங்கள், பிள்ளைகளும் உள்ளே வருவார்கள்.

ரிலேரூம்_டர்பன்:
பிரிப்பதில் எனக்குத் தடையில்லை. மறுக்கும் உரிமை பற்றிய வரியைப் பேச்சுவார்த்தையில் வைக்கச் சொல்லி இன்றைக்கே யூனியனுக்கு எழுதுகிறேன். ராத்திரி அழைப்புக்கு ஒரே ஆள் போகும் இடங்களில் பி பேண்ட் ஆளைத் தனியாக அனுப்பக்கூடாது என்பதையும் சேர்த்து.