அப்பாவின் மருத்துவ உயில்: நோட்டரி யாரையாவது தெரியுமா?

குலசேகரம் பக்கம் இருக்கிறோம். அப்பா நாற்பது ஆண்டு ரப்பர் பால் வெட்டியவர். இப்போது நரம்பு நோய், பேச்சு போய்விட்டது. நேற்று என் மகளின் கணக்கு நோட்டை வாங்கி, நடுங்கும் கையால் 'குழாய் போடாதே, மெஷின் வேண்டாம்' என்று எழுதினார்.

சாக மருந்து கேட்கவில்லை அவர். மருத்துவர் அப்படி உதவுவது நம் நாட்டில் குற்றம். மீள வழியில்லாத நிலையில் செயற்கைக் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும். 2023-க்குப் பிறகு இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நோட்டரி சான்றளித்தாலே போதும். நான் பார்த்த நோட்டரியோ, சொத்து உயில்தான் தெரியும் என்று அனுப்பிவிட்டார்.

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவிலில் இதைச் செய்து முடித்தவர்கள் இருக்கிறீர்களா? நகலைப் பஞ்சாயத்தில் யாரிடம் கொடுத்தீர்கள்? அப்பாவால் இன்னும் கையெழுத்துப் போட முடிகிறது, எத்தனை நாளைக்கோ. தயவுசெய்து சொல்லுங்கள்.