பாப்புவுக்குப் பாயிண்ட் ஷூ வேண்டுமாம்

குழு: தோட்டப்பாளையம் வீடு

அம்மா: காலையிலிருந்து பாப்பு ஒரே அடம். ரஷ்யாவில் ஒரு பெண் கால் விரல் நுனியில் நின்று பாலே நடனம் ஆடுகிற வீடியோவைப் பார்த்துவிட்டாள். அந்தச் செருப்பு உடனே வேண்டுமாம், ஆன்லைனில் கிடைக்கிறதாம். யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

ஆம்பூர் மாமா: செருப்புக்கு எதற்கு ஆன்லைன்? ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் நான் எதற்கு இருக்கிறேன்? போட்டோ அனுப்பு.

அம்மா: மாமா, நான் பாப்பு. அது செருப்பு இல்லை, பாயிண்ட் ஷூ!

அம்மா: (படம்)

ஆம்பூர் மாமா: அடேங்கப்பா, சாட்டின் துணியில் அப்பர், அதாவது மேல்பாகம். முனை தட்டையாக இருக்கிறதே, உள்ளே கட்டை வைத்திருக்கிறார்களா?

சத்துவாச்சாரி அத்தை: கட்டையும் இல்லை, இரும்பும் இல்லை அண்ணா. வழக்கமான முறையில் துணி, காகிதம், பசை, அவ்வளவுதான். அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து இறுக வைப்பார்கள். பாதத்துக்கு அடியில் விறைப்பாக ஒரு பட்டை, தோலிலோ அட்டையிலோ.

ஆம்பூர் மாமா: அப்படியென்றால் டர்ன் ஷூ. உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி லாஸ்டில், அதாவது கால் வடிவ அச்சில், மாட்டித் தைத்து, அப்புறம் புரட்டி எடுப்பது. நல்ல கைவேலை. எங்கள் லைனில் இப்போதெல்லாம் ஒட்டுகிற வேலைதான் அதிகம். ஆமாம், இதில் இடது எது, வலது எது?

சத்துவாச்சாரி அத்தை: பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். எந்தக் காலில் போட்டுப் பழகுகிறோமோ அந்தக் காலுக்கு அமைந்துகொள்ளும்.

ஆம்பூர் மாமா: இடது வலது இல்லாத ஷூவா! எங்கள் தரம் பார்க்கிற க்யூசி பார்த்தால் லாட் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார் 😂

சத்துவாச்சாரி அத்தை: பெரிய மேடையில் ஆடுகிறவர்களுக்குச் சில நேரம் ஒரு ஜோடி ஒரு இரவுக்கே தாங்காது. ரிப்பன்கூட அவர்களேதான் தைத்துக்கொள்வார்கள்.

அம்மா: ஒரு ஜோடி ஒரு இரவுக்கா? பாப்பு, அத்தை சொல்வதைப் படித்தாயா?

காட்பாடி சித்தி: அக்கா, செலவு இருக்கட்டும். தினமும் கணுக்கால் பிசகிய பிள்ளைகளைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். 11, 12 வயதுக்கு முன்னால் பொதுவாக இதை மாட்டவே விடமாட்டார்கள். அதுவும் சில வருடம் முறையாகப் பாலே படித்த பிறகுதான். உடம்பின் கனமெல்லாம் விரல் நுனியில் இறங்கும். பாதம், கணுக்கால், இடுப்பு மூன்றும் தாங்க வேண்டும். வீடியோ பார்த்துச் செய்கிற காரியம் இல்லை.

அம்மா: சித்தி, நான் 3 வருடமாகப் பரதம் ஆடுகிறேனே! அத்தை, நீங்களே சொல்லுங்கள். - பாப்பு

சத்துவாச்சாரி அத்தை: சொல்கிறேன். அந்த வீடியோவில் எந்தப் பள்ளி என்று போட்டிருந்தது?

அம்மா: வாகனோவா அகாடமி. - பாப்பு

சத்துவாச்சாரி அத்தை: அது ஒரு டீச்சரின் பெயர். அக்ரிப்பினா வாகனோவா. 1879-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பாவுக்கு மரின்ஸ்கி தியேட்டரில் வருகிறவர்களை இருக்கை காட்டி உட்கார வைக்கிற வேலை. மகள் அரசாங்கப் பாலே பள்ளியில் படித்து 1897-இல் வெளியே வந்தார். 2 வருடம் கழித்து அதே பள்ளியில் முடித்தவர் அன்னா பாவ்லோவா. பாவ்லோவா 1906-லேயே முதல் நாயகி. வாகனோவாவுக்கு அந்த இடம் கிடைத்தது 1915-இல். அடுத்த வருடமே மேடையிலிருந்து ஓய்வு.

நான்: ஐயோ, பாவம். சரியாக ஆடமாட்டாரா?

சத்துவாச்சாரி அத்தை: அதுதான் இல்லை. வேரியேஷன் என்று தனி ஆட்டத் துண்டுகள் வரும், அவற்றுக்கு ராணி என்றே இவருக்குப் பெயர். தாவலும் கால்வேகமும் அப்படி. ஆனால் பெரிய வேடங்கள் கைக்கு வந்தது கடைசிக் காலத்தில்தான்.

தாத்தா: ரிட்டயர் ஆனவருக்குப் பென்ஷன் உண்டா?

சத்துவாச்சாரி அத்தை: உங்களுக்கு ரயில்வே புத்தி போகாது அப்பா 😄 அடுத்த வருடமே 1917. ரஷ்ய மன்னர் ஜாரே போய்விட்டார், பழைய ஏற்பாடெல்லாம் தலைகீழ். 1921-இல் தான் படித்த பள்ளிக்கே டீச்சராகத் திரும்பி வந்தார். அங்கேதான் கதை ஆரம்பம்.

சத்துவாச்சாரி அத்தை: கை தூக்கினால் கை மட்டும் தூக்கினதாக இருக்கக்கூடாது, முதுகிலிருந்து வர வேண்டும் என்பார். தலை, தோள், இடுப்பு, பாதம் எல்லாம் ஒரே மூச்சில் சேர வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் நளினமும் வேண்டும், இத்தாலிக்காரர்களின் பலமும் வேண்டும். எந்த அசைவு எப்போது, எதற்குப் பிறகு என்று வரிசைப்படுத்தி 1934-இல் புத்தகமாகவே போட்டார். 1925-இல் இவரிடம் படித்து வெளியே வந்தவர் மரினா செம்யோனோவா, 1928-இல் கலினா உலனோவா. இரண்டு பேருமே உலகப் பெயர்.

சத்துவாச்சாரி அத்தை: செம்யோனோவாவும் பிறகு மாஸ்கோவில் பல வருடம் டீச்சராக இருந்தார். 2010 வரை இருந்தார், 102 வயது ஆக 3 நாள் பாக்கி.

தாத்தா: நம் பக்கம் பாரதக் கூத்தில் வாத்தியார் நிற்பார், தெரியுமா? எல்லா வேடமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மேடையில் அர்ஜுனன் அடவு தப்பினால் ஓரத்திலிருந்து ஒரு முறைப்பு. அர்ஜுனன் நடுங்கிப்போவான். அந்த அம்மாவும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆயா சிரிக்கிறாள், நீயும் அப்படித்தான் என்கிறாள்.

சத்துவாச்சாரி அத்தை: ஆயாவிடம் நன்றி சொல்லுங்கள் 🙏 என் கணக்கில் பாவ்லோவாவைவிட வாகனோவாதான் பெரியவர். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

நான்: நான் வருகிறேன். பாவ்லோவா இல்லாவிட்டால் ருக்மிணி தேவி நாட்டியத்துக்கே வந்திருக்கமாட்டார். 1928-இல் பம்பாயில் பாவ்லோவாவின் ஆட்டம் பார்த்தார், அப்புறம் இரண்டு பேரும் ஒரே கப்பலில் ஆஸ்திரேலியா. பாலே கற்க வந்தவரை, உன் நாட்டுக் கலையைத் தேடு என்று திருப்பிவிட்டதே பாவ்லோவாதான். அவர் கலாக்ஷேத்திரா நாட்டியப் பள்ளியைத் தொடங்கியது 1936-இல். நீங்கள் ஆடுகிற பாணியே அங்கிருந்து வந்ததுதானே அத்தை?

சத்துவாச்சாரி அத்தை: சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ருக்மிணி தேவிக்குப் பாலே சொல்லிக்கொடுத்தது யார்? பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டி. பிறகு பரதம் சொல்லிக்கொடுத்தது? பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இப்போது சொல், டீச்சர் இல்லாமல் எது நடந்தது?

நான்: இவரிடம் வாதாடவே முடியாது 🤦

காட்பாடி சித்தி: அக்கா, பாப்புவின் கேள்விக்குப் பதில்?

சத்துவாச்சாரி அத்தை: பாப்பு, அரைமண்டியில் முட்டியை இரண்டு பக்கமும் திறக்கிறாய் அல்லவா, பாலேயிலும் இடுப்பிலிருந்து அப்படித்தான் கால் திரும்ப வேண்டும். உனக்கு இன்னும் முட்டி உள்ளே விழுகிறது, போன வாரம்கூடச் சொன்னேன். நம் ஆட்டத்தில் கனம் பாதம் முழுக்க இறங்கும், அங்கே எல்லாம் மேலே போகும். ஒன்று தெரிந்ததால் இன்னொன்று தானாக வந்துவிடாது. உண்மையிலேயே ஆசை என்றால் சென்னையில் ஒழுங்கான பாலே வகுப்பு விசாரிக்கிறேன், லீவில் போகலாம். அங்கே முதலில் துணி ஷூதான். பாயிண்ட் ஷூ எப்போது என்று அந்த டீச்சர் சொல்லட்டும். வாகனோவா பள்ளியிலேயே 8 வருடப் படிப்பு.

அம்மா: 8 வருடமா!! - பாப்பு

அம்மா: இது நான், அம்மா. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஆம்பூர் மாமா: டீச்சரம்மா, ஒரு ஜோடி நான் வாங்கிக்கொள்கிறேன். பேட்டர்ன் மாஸ்டரிடம் போட்டோ காட்டினேன். அறுத்து உள்ளே பார்க்கலாம் என்று துடிக்கிறார்.

அம்மா: அண்ணா, இந்தப் பேச்சு அவள் கண்ணில் பட்டுவிடப் போகிறது!

அம்மா: பட்டுவிட்டது. மாமா, ஒன்றை மட்டும் அறுங்கள். அத்தை, அந்த உலனோவா ஆடுகிற வீடியோ இருக்கிறதா? - பாப்பு

சத்துவாச்சாரி அத்தை: இருக்கிறது. முட்டி விழாமல் 5 நிமிடம் அரைமண்டி நின்றுவிட்டு வந்து கேள்.

அம்மா: நிற்கிறாள். ஒன்றரை நிமிடத்திலேயே முட்டி விழுந்துவிட்டது.

சத்துவாச்சாரி அத்தை: முதலிலிருந்து.